பணியிடத்தில் 4 சதவீதம், கொள்முதலில்?

சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் ஊரக வளர்ச்சி இயக்குநரகம். பக்கத்தில் நீதிமன்றங்கள், பழமையான ஆசிரியர் கல்லூரி. சற்றுத் தள்ளி, கிண்டியில் 2023 ஜூனில் திறக்கப்பட்ட ஆயிரம் படுக்கைகள் கொண்ட கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை. இவற்றுக்கெல்லாம் கோப்பு அட்டை, பதிவேடு, சாக்பீஸ், படுக்கை விரிப்பு, துடைப்பம் என்று ஆண்டு முழுக்க ஏதாவது தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கொள்முதலில் ஒரு பங்கை, மாற்றுத்திறனாளிகள் பணிபுரியும் தொழிற்கூடங்களுக்கு ஒதுக்கச் சட்டம் வேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியிடங்களில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. தனியார் நிறுவனங்களுக்கு ஊக்கச் சலுகையோடு நின்றுவிடுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். ஒதுக்கிய இடங்கள் முழுவதும் நிரம்பினாலும் இவர்களில் மிகச் சிலருக்கே அரசு வேலை கிட்டும். மற்றவர்கள் எங்கே போவார்கள்?

மத்திய அரசின் கொள்முதல் கொள்கை, 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கச் சொல்கிறது. அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 4 சதவீதம், பெண்களுக்கு 3 சதவீதம் என்று உள்ஒதுக்கீடும் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு அப்படி ஒரு பங்கு இல்லை.

கொள்முதல் மூலம் வேலை கொடுப்பது தமிழகத்துக்குப் புதிதல்ல. 1983இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் ஏழைகளுக்குத் துணி தந்தது, நெசவாளர் வீட்டுத் தறியையும் ஓட வைத்தது. பள்ளிச் சீருடைகளை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துத் தருகின்றன. அதே வழியை மாற்றுத்திறனாளிகளுக்கும் திறந்துவிட என்ன தடை?

அமெரிக்கா 1938லேயே பார்வையற்றோர் செய்த துடைப்பங்களை அரசு அலுவலகங்கள் வாங்கச் சட்டம் இயற்றியது. 1971இல் மற்ற கடும் குறைபாடு உள்ளவர்களையும் அதில் சேர்த்தது. அரசு ஊழியர்கள் எழுதும் ஸ்கில்கிராஃப்ட் பேனாக்கள் இன்றும் பார்வையற்றோர் கூடங்களில்தான் தயாராகின்றன. அங்கே குறைகளும் இருந்தன. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே சம்பளம் கொடுக்க நெடுங்காலம் அனுமதி இருந்தது. இத்திட்டத்தின் ஒப்பந்தங்களில் அதற்கு 2022இல்தான் தடை வந்தது. நாம் அந்தத் தவறோடு தொடங்க வேண்டியதில்லை.

தொழில் தெரிந்தவர்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. தொழுநோயிலிருந்து மீண்டவர்களுக்காக 1963இல் காட்பாடியில் தொடங்கிய வொர்த் நிறுவனம் இயந்திர உதிரிபாகங்களும் பிரெயில் தட்டச்சுப் பொறிகளும் தயாரித்திருக்கிறது.

எனவே தமிழக அரசு, 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான பங்கை எழுதிச் சேர்க்கட்டும். பெயரளவுக்கு ஒருவரை முதலாளியாகக் காட்டும் பினாமி நிறுவனங்கள் நுழையாதபடி, வேலை செய்வோரில் பாதிக்கு மேல் மாற்றுத்திறனாளிகளா, முழுக் கூலி போய்ச் சேர்கிறதா என்று ஆண்டுதோறும் சோதிக்கட்டும். சிறு நிறுவனங்களின் பில்லை 45 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். கைமுதல் இல்லாத இந்தக் கூடங்களுக்கு அது எழுத்துப்படி நடக்க வேண்டும். பில் இழுத்தடிக்கப்பட்டால் அடுத்த மாதக் கூலி நின்றுபோகும்.

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க 2025 ஏப்ரலில் சட்டப்பேரவை வழி செய்தது. அங்கே அமரும் அவர்கள் முன்பாகவே கொள்முதல் தீர்மானங்கள் வரப்போகின்றன. ஊராட்சிகளுக்கான முதல் சுற்றறிக்கை பனகல் மாளிகையிலிருந்து இந்த நிதியாண்டிலேயே புறப்படலாம்.