ஃபிலிம் ஊறுகாய்

சித்தி பையன் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்படியில் ஒரு பாத்திரம். அதில் எலுமிச்சம்பழச் சாறு, டீத் தண்ணீர், பாத்திரம் தேய்க்கிற லிக்விட். நடுவில் ஒரு ஃபிலிம் ரோல் மிதக்கிறது.

"என்னடா, ஊறுகாயா?"

"ஃபிலிம் சூப்ணே!"

வெளிநாட்டுப் பையன்கள் ஆரம்பித்து வைத்ததாம். படம் எடுத்து முடித்த ரோலை இப்படி ஊற வைத்து, வாரக்கணக்கில் காயப்போட்டு, அப்புறம்தான் கழுவுவார்கள். சாறு உள்ளே புகுந்து நிறத்தைக் கலைத்துவிடும். மூஞ்சி இருக்கவேண்டிய இடத்தில் ஊதாப் புகை வரும். சில ரோலில் ஒன்றுமே வராது. கெமிக்கல் கெட்டுவிடும் என்று பல லேப்களில் வாங்கவே மாட்டார்களாம்.

"முப்பத்தாறுல எத்தனைடா தேறும்?"

"தெரியாது. அதான் கிக்கே!"

நான் பி.காம். பொருள் வாங்கினால் தேய்மானம் தானாக வரும் என்று படித்தவன். தேய்மானத்தையே காசு கொடுத்து வாங்குகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆனால், போட்டோ பிறந்ததே இப்படித்தான். இங்கிலாந்தில் தாமஸ் வெட்ஜ்வுட் என்பவர் சில்வர் நைட்ரேட் தடவிய காகிதத்தில் இலை, பூச்சிச் சிறகையெல்லாம் வெயிலில் பதிய வைத்தார். நண்பர் ஹம்ப்ரி டேவி 1802-ல் அதைப் பற்றி எழுதினார். படம் வந்துவிட்டது, நிறுத்தி வைக்கத்தான் வழி தெரியவில்லை! பகல் வெளிச்சம் பட்டால் மொத்தமும் கறுத்துவிடும். இருட்டில் பூட்டி வைத்து, மெழுகுவர்த்தியில்தான் பார்க்கவேண்டும். ஹைப்போவில் போட்டால் படம் நிற்கும் என்று ஜான் ஹெர்ஷல் செய்து காட்டியது 1839-ல். வெட்ஜ்வுட் 1805-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார், பாவம்.

இன்றைக்கு லூமன் பிரின்ட் என்று போட்டோ பேப்பரில் இலையை வைத்து வெயிலில் காட்டுகிறவர்கள், சிலர் வேண்டுமென்றே ஹைப்போ பக்கம் போவதில்லை. பார்க்கப் பார்க்கப் படம் மங்கும். மங்கட்டும் என்கிறார்கள்.

கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எங்கள் வீட்டு பீரோவில் அப்பாவின் யாஷிகா இருக்கிறது. உள்ளே பாதி ரோல். நம்பர் 23-ல் நிற்கிறது. அப்பா போய் 13 வருஷம். அத்தனை கோடையும் அந்த ரோல் பீரோவுக்குள்ளேயே வெந்திருக்கிறது. கழுவி, ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டால்? அந்தப் பயத்திலேயே தொடாமல் வைத்திருந்தேன்.

"குடுங்கண்ணே, சூப்ல போட்டுரலாம்!" என்றான் படுபாவி.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேமராவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மிச்சம் 13 இருக்கில்ல? எடு" என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். பதின்மூன்றையும் எடுத்தேன்.

"அப்பா எடுத்தது வரலேன்னா?"

"வந்தா மட்டும்? உங்கப்பா எடுத்த போட்டோவுல எனக்கு என்னைக்குடா தலை இருந்திருக்கு?"

நாளைக்கு லேபுக்குக் கொண்டுபோகிறேன்.