ஜன்னல் சீட்டும் 250 கோடி வருஷமும்

தாம்பரத்திலிருந்து பீச் போகிற எலெக்ட்ரிக் ட்ரெயினில் வலது பக்க ஜன்னல் சீட் கிடைப்பது பூர்வ ஜென்ம புண்ணியம். அன்றைக்குக் கிடைத்தது. திரிசூலம் மலை வந்ததும் பக்கத்து சீட் நண்பர், “இந்த ஜல்லியைப் போட்டுத்தான் சார் வீடு கட்டினேன்” என்றார்.

“அந்தக் கல்லுக்கு வயசு சுமார் 250 கோடி வருஷம்.”

“இன்னும் ரிடையர் ஆகலையா?”

ஆகவில்லை. பேர், சார்னோக்கைட். 1690-ல் கல்கத்தாவில் கடை விரித்த ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கு இந்தப் பக்கத்துக் கல்தான் போயிற்று. 1893-ல் அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், அவர் பேரையே வைத்துவிட்டார். ‘பல்லாவரைட்’ என்று வைத்திருந்தால் குறைந்தா போயிருக்கும்?

பூமிக்குள் சுமார் 20 கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேல் வெந்த கல் இது. மேலே கிடந்த அத்தனையும் கரைந்துபோய்த்தான் வெளியே தெரிகிறது. இதிலுள்ள ஹைப்பர்ஸ்தீன் என்ற தாது, தண்ணீர் தாராளமாக இருந்தால் உருவாகாது. (மெட்ராஸில் அப்போதே தண்ணீர்க் கஷ்டம்!) தென்னிந்திய சார்னோக்கைட்டுகளில், கண்ணுக்குத் தெரியாத குமிழிகளில் பழைய கார்பன் டை ஆக்ஸைடு இன்னும் அடைபட்டுக் கிடக்கிறது. கல் வெந்த காலத்தில் மேலே காற்றில் ஆக்ஸிஜன் கிட்டத்தட்ட கிடையாது.

பரங்கிமலையில் இதே கல் தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். திரிசூலத்தில் உடைத்து லோடு லோடாக விற்றோம்.

நண்பர் கிண்டியில் இறங்கும்போது திரும்பினார். “மொட்டை மாடியில அரை மூட்டை ஜல்லி மிச்சம் கிடக்கு சார். ஒண்ணை மட்டும் ஷோகேஸ்ல வைக்கட்டுமா?”