புல்தரைக்கும் இஎம்ஐ உண்டு: மழை சும்மா தர்றதைக் காசு கொடுத்து வாங்காதீங்க

ஐப்பசி மாசம் சம்பளக்காரர்கள் வாழ்க்கையில ரெண்டு விஷயம் ஒண்ணா வரும். ஒண்ணு தீபாவளி போனஸ். இன்னொண்ணு வடகிழக்குப் பருவமழை. கையில காசு இருக்கு, மண்ணும் ஈரமா இருக்கு. "இந்த வருஷமாவது வீட்டு முன்னாடி பச்சைப் பசேல்னு லான் போட்டுடலாம்"னு தோணறது சகஜம். கூடுவாஞ்சேரி, ஆவடி பக்கம் தனி வீடு வாங்கினவங்களுக்கும் இந்த ஆசை வருது. ஊர்ல அப்பா அம்மா இருக்கிற வீட்டைப் புதுப்பிக்கிறவங்களுக்கும் வருது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். தோட்டம் வைங்க. புல்தரை போடாதீங்க. ஏற்கெனவே போட்டிருந்தா, இந்த மழைக்காலத்துல அதைப் பாதியாக் குறைங்க. புல்தரை அழகா இருக்கும்கிறதுல எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த அழகுக்கு மாசா மாசம் எவ்வளவு போகுதுங்கிறதுதான் என் கவலை.

கொட்டேஷன்ல வராத செலவு

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். எண்கள் உங்க ஏரியாவுக்கு ஏத்த மாதிரி மாறும். கணக்குப் போடற முறையை மட்டும் கவனிங்க.

வீட்டு முன்னாடி 400 சதுர அடி. மண் நிரவி, புல் பதிச்சுத் தர சதுர அடிக்கு 40 ரூபாய்னு வைங்க. மொத்தம் 16,000. "பரவாயில்லையே, ஒரு நல்ல போன் விலை கூட இல்லையே"ன்னு தோணும். கொட்டேஷன் அங்கேயே முடிஞ்சுடும். செலவு அங்கேதான் ஆரம்பிக்குது.

முதல்ல தண்ணீர். ஒரு சதுர மீட்டர் இடத்துல ஒரு மில்லிமீட்டர் தண்ணீர்னா சரியா ஒரு லிட்டர். 400 சதுர அடி என்பது சுமார் 37 சதுர மீட்டர். வெயில் நாட்கள்ல தினமும் 5 மில்லிமீட்டர் தண்ணீர் தேவைன்னு வச்சா, ஒரு நாளைக்கு 185 லிட்டர். மாசத்துக்கு சுமார் 5,500 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில கிட்டத்தட்ட பாதி. லாரி 1,500 ரூபாய்னா தண்ணிக்கு மட்டும் 700 ரூபாய். மழை பெய்யற மூணு மாசத்தைக் கழிச்சாலும், வருஷச் சராசரி மாசம் 500 ரூபாய்க்குக் குறையாது.

புல் வெட்டவும் களை எடுக்கவும் தோட்டக்காரருக்கு 1,200. உரம், பூச்சி மருந்துக்கு 300. காய்ஞ்சுபோன இடத்துல திரும்பப் புல் பதிக்க, வருஷச் செலவைப் பிரிச்சா மாசம் 300. எல்லாம் சேர்த்தா 2,300 ரூபாய். வருஷத்துக்கு 27,600. புல் போட்ட செலவு 16,000. அதைக் காப்பாத்த ஒவ்வொரு வருஷமும் 27,600. இப்படி ஒரு போனை நீங்க வாங்குவீங்களா?

"எங்க வீட்ல போர்வெல் இருக்கு, தண்ணி ஃப்ரீ"ன்னு சொல்றவங்க கரண்ட் பில்லை எடுத்துப் பாருங்க. தினமும் ஒரு மணி நேரம் கூடுதலா ஒரு ஹெச்பி மோட்டார் ஓடினா, ரெண்டு மாசத்துல சுமார் 45 யூனிட் ஏறும். தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்துல ரெண்டு மாசப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினா, தாண்டின யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறாது. கீழ் அடுக்கு ஒண்ணோட ரேட்டும் சேர்ந்து ஏறும். 480-ல நிக்கற வீட்டை அந்த 45 யூனிட் எங்கே தள்ளும்னு நீங்களே பாத்துக்கோங்க.

அபார்ட்மென்ட்ல இருக்கிறவங்களுக்கும் இது பொருந்தும். பொதுப் புல்தரைக்கான செலவு உங்க மெயின்டனன்ஸுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. சங்கத்தோட ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டி, ஒரு வீட்டுக்கான மாதக் கட்டணமும் 7,500 ரூபாயைத் தாண்டினா 18 சதவீத ஜிஎஸ்டி வரும். 7,300-ல இருக்கிற கட்டணத்தை அந்தப் பக்கம் தள்ளற வேலையைப் புல்தரை செஞ்சுடக் கூடாது. அடுத்த பொதுக்குழுவுல பட்ஜெட் வரும்போது 'லேண்ட்ஸ்கேப்பிங்' வரியைத் தனியாப் பிரிச்சுக் காட்டச் சொல்லிக் கேளுங்க.

அவங்க ஊர் இலையுதிர் காலம் வேற, நம்ம ஐப்பசி வேற

செப்டம்பர், அக்டோபர் வந்தா அமெரிக்கச் சேனல்கள்ல 'ஃபால் லான் கேர்' வீடியோக்கள் குவியும். புல்லுக்குத் துளை போடு, மேல விதை தூவு, உரம் போடு. நம்ம ஆளுங்களும் அதைப் பாத்துட்டு உரம் வாங்கிடறாங்க.

அங்கே அது சரி. குளிர் பிரதேசத்துப் புல் வகைகள் வெயில்ல சோர்ந்து, இலையுதிர் காலக் குளிர்ச்சியில திரும்ப வேர் பிடிக்கும். நம்ம ஊர்ல இருக்கிறது வெப்பப் பிரதேசப் புல். நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம், அதாவது கொட்டற மழை. சென்னையில வருஷ மழையில பாதிக்கு மேல இந்தப் பருவத்துலதான் பெய்யுது. பெருமழைக்கு முன்னாடி யூரியா தூவினா, தழைச்சத்தோட பெரும் பங்கு தண்ணியோட கரைஞ்சு ஓடிடும். காசை நேரா மழைநீர் வடிகால்ல கொட்டற மாதிரிதான். ஈரத்துல பூஞ்சை வந்தா அதுக்கு மருந்து தனிச் செலவு.

இன்னொரு வேடிக்கை. நர்சரியில 'பெர்முடா கிராஸ்'னு விலை சொல்றாங்களே, அது நம்ம அருகம்புல் இனம்தான். பிள்ளையார் சதுர்த்திக்கு வேலியோரம் பறிக்கிற அதே புல். லான் வகைகள்ல கொஞ்சம் மெல்லிசா, அடர்த்தியா வர மாதிரி தேர்ந்தெடுத்திருப்பாங்க. பேரு மாறினதும் விலையும் மாறிடுச்சு.

மழைக்காலம் தர்ற மூணு இலவசம்

'சஸ்டெயினபிள்' தோட்டம்னு சொன்னா ஏதோ விலை உயர்ந்த பொருள்னு நினைச்சுக்கறாங்க. என் அகராதியில அதுக்கு ஒரே அர்த்தம்: மாதச் செலவு பூஜ்யத்தை நோக்கிப் போகிற தோட்டம். அதுக்கு மழைக்காலம் மூணு விஷயத்தைச் சும்மா தருது.

முதல் இலவசம், தண்ணீர். 800 சதுர அடி மொட்டைமாடியில ஒரே நாள் 50 மில்லிமீட்டர் மழை பெய்தா 3,700 லிட்டர் விழும். சேதாரம் போக 3,000 லிட்டர் கிடைக்கும்னு வைங்க. தமிழ்நாட்டுல 2003-லயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாச்சு. உங்க வீட்டுலயும் குழாய் இருக்கும். அந்தக் குழி தூர்ந்துபோய்க் கிடக்கான்னு பாத்திருக்கீங்களா? ஒரு ஆளை வச்சுத் தூர்வாரி, ஜல்லியைக் கழுவிப் போடறதுதான் இந்த சீசனோட சிறந்த தோட்டச் செலவு.

ரெண்டாவது இலவசம், இலை. மழைக்காத்துல விழற இலை தழையைக் கூட்டி எரிக்கிற பழக்கத்தை விடுங்க. விதிப்படியும் குப்பையைத் திறந்தவெளியில எரிக்கக் கூடாது. செடியோட அடியில, தண்டை ஒட்டாம, மூணு விரல் உயரத்துக்கு மூடாக்காப் பரப்புங்க. தை, மாசியில ஈரம் நிக்கும், களை குறையும், மக்கினதும் அதுவே உரம். புல் இருந்தா, ஒரே தடவையில உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல வெட்டாதீங்க. வெட்டின துணுக்கை அங்கேயே விட்டுடுங்க. அதுல இருக்கிற தழைச்சத்து மண்ணுக்கே திரும்பிப் போகும்.

மூணாவது இலவசம், செடி. இப்போ நட்ட செடிக்கு முதல் ரெண்டு மூணு மாசம் மழையே தண்ணி ஊத்தும். பக்கத்து வீட்டுச் செம்பருத்திக் கிளை, அத்தை வீட்டு மல்லிகைப் பதியம், சமையலுக்கு வாங்கின புதினாத் தண்டு. எதுக்கும் நர்சரி பில் தேவையில்லை. தரை பச்சையா இருந்தே ஆகணும்னா பொடுதலை வைங்க. தரையோட படர்ந்து பரவும், சின்னச் சின்னப் பூ பூக்கும், அடிக்கடி வெட்ட வேண்டாம். நிழலும் ஈரமும் இருக்கிற மூலைக்கு வல்லாரை.

கீரை, கொத்தமல்லி விதையை மட்டும் கொட்டற மழையில தூவாதீங்க, அடிச்சுட்டுப் போயிடும். கார்த்திகைக் கடைசி, மார்கழியில மழை ஓய்ஞ்சதும் தூவுங்க. கீரை ஒரு மாசத்துல பறிக்கலாம்.

மாடியில வைக்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை

பேலன்ஸ் ஷீட்டுல 'கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி'ன்னு ஒண்ணு எழுதுவோம். இன்னும் வரல, ஆனா வந்தா பெருசா வரும்கிற பொறுப்பு. மாடித் தோட்டத்துல அது ரெண்டு இருக்கு.

ஒண்ணு, தளத்துல ஒழுகல். 20 லிட்டர் பையில மண் நிரப்பி, மழையில ஊறினா 30 கிலோவுக்கு மேல போகும். அதை நேராத் தளத்துல வச்சா அடியில ஈரம் காயவே காயாது. தென்னை நார்க்கழிவு கலந்து எடையைக் குறைங்க, செங்கல் மேல தூக்கி வைங்க, வடிகால் வாயை அடைக்காதீங்க. 50 ரூபாய்க் கீரைக்காக தளத்துக்கு வாட்டர்ப்ரூஃபிங் பண்ற நிலைமை வேண்டாம்.

ரெண்டு, டெங்கு. தொட்டிக்கு அடியில இருக்கிற தட்டுல நிக்கற நல்ல தண்ணியிலதான் ஏடிஸ் கொசு முட்டை போடும். மழை முடியற வரைக்கும் தட்டுகளை எடுத்துடுங்க. டிரம்முக்கு வலை கட்டுங்க. இதுக்குச் செலவே கிடையாது.

"எல்லாத்தையும் காசாப் பாக்கணுமா?"

நியாயமான கேள்வி. மாசம் 2,300 ரூபாயை எஸ்ஐபி போட்டு, 10 சதவீத வருமானம் கிடைச்சதுன்னு வச்சா, 10 வருஷத்துல சுமார் 4.7 லட்சம் ஆகும். ஆனா இந்தக் கணக்கை வச்சு காபி, சினிமா, குலதெய்வம் கோயில் பயணம் எல்லாத்தையும் வெட்டிடலாம். அது வாழ்க்கை ஆகாது. சாயங்காலம் பாப்பா புல்லுல ஓடறதைப் பாக்கணும்னு உங்களுக்கு ஆசைன்னா, அந்த அளவுக்கு ஒரு 100 சதுர அடி வச்சுக்கோங்க. விலை தெரிஞ்சே பண்ற செலவுல தப்பே இல்லை.

நான் எதிர்க்கிறது, யாரும் நடக்காத, யாரும் உட்காராத புல்லை. இந்த வித்தியாசத்தை அமெரிக்காவுல சட்டமாவே எழுதியிருக்காங்க. லாஸ் வேகஸ் இருக்கிற நெவாடா மாநிலம் 2021-ல ஒரு சட்டம் போட்டது. அந்தப் பகுதியில சாலையோரம், அலுவலக வளாகம் மாதிரி இடங்கள்ல அலங்காரத்துக்கு மட்டும் இருக்கிற புல்லுக்கு, 2027-லேர்ந்து கொலராடோ நதித் தண்ணியைப் பாய்ச்சக் கூடாது. தனி வீடுகளுக்கு அந்தத் தடை கிடையாது. ஆனா வீட்டுப் புல்லை எடுக்கிறவங்களுக்கு அங்கே தண்ணீர் ஆணையம் சதுர அடிக்கு இவ்வளவுன்னு பணம் தருது. அவங்க காசு கொடுத்து எடுக்கிறதை நாம காசு கொடுத்துப் பதிக்கணுமா?

நமக்கும் இது தூரத்துக் கதை இல்லை. 2019 ஜூன்ல பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் கிட்டத்தட்ட வறண்டு போச்சு. ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகள் சில, தண்ணி இல்லாம ஊழியர்களை வீட்டுல இருந்தே வேலை பாக்கச் சொன்னாங்க. அந்த மாதிரி ஒரு கோடையில உங்க புல்லுக்கு மாசம் 5,500 லிட்டர் எங்கேர்ந்து வரும்? வாங்கினாலும், தெருவுல குடத்தோட நிக்கறவங்க முன்னாடி அதைப் பாய்ச்ச மனசு வருமா?

போனஸ்ல எவ்வளவு ஒதுக்கலாம்?

முதல்ல அவசரகால நிதி ஆறு மாசச் செலவுக்கு இருக்கா, கிரெடிட் கார்டு பாக்கி பூஜ்யமான்னு பாருங்க. ரெண்டும் ஆமாம்னா, என் கணக்குல முதல் வருஷத் தோட்டத்துக்கு 3,000 ரூபாய் போதும். பழைய 200 லிட்டர் டிரம்மும் வலையும் 1,000. வாங்கியே ஆக வேண்டிய எலுமிச்சை, கறிவேப்பிலை மாதிரி நாலு கன்று 400. விதை 100. மக்கின உரம் 500. செங்கல் 300. மீதி 700-ஐ செலவு பண்ணாம வைங்க. ஏதாவது செடி கண்டிப்பாச் சாகும். தோட்டக்கலைத் துறை மாடித் தோட்டத் தளைகளை மானியத்துல தர்றப்போ அதையும் கேட்டுப் பாருங்க. கடைக்காரர் கிட்டோட விலையை அதோட ஒப்பிட்டுப் பாத்துட்டு அப்புறம் வாங்குங்க.

அடுத்த வருஷத்துலேர்ந்து மாசம் 300 ரூபாய்க்கு மேல போச்சுன்னா, எந்தச் செடி அந்தக் காசைத் தின்னுதுன்னு தேடுங்க. பெரும்பாலும் அது உங்க ஊர் மழைக்கும் வெயிலுக்கும் ஒத்துவராத செடியா இருக்கும். அதை எடுத்துட்டு, தெருவுல யாரும் தண்ணி ஊத்தாமலே நல்லா வளர்ற செடி எதுன்னு பாத்து அதை வைங்க.

லான் போட கொட்டேஷன் வாங்கியிருந்தா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்த ஆள்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "மே மாசம் இதுக்கு எத்தனை லிட்டர் தண்ணி வேணும்?" அந்தப் பதிலை 12,000 லிட்டர் லாரிக் கணக்குல மாத்திப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.