ஆடும்வரை அவர்கள் பிள்ளை!

பள்ளிக்கரணையிலே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. தெருமுனைக் கூட்டம் முடிந்து, தோழர்கள் மேடைப் பலகைகளை அடுக்கிக் கொண்டிருந்தார்கள். கட்டட வேலை செய்யும் தோழர் ஒருவர் தயங்கித் தயங்கி நம்மிடம் வந்தார். பக்கத்திலே அவர் மகன். ஆறடிக்குக் குறையாத உயரம். ஆனால் இடது காலை இழுத்து நடந்தான்.

"அண்ணே, இவன் கூடைப்பந்து ஆடுறவன். ஆட்டத்தைப் பார்த்துட்டு ஒரு தனியார் கல்லூரிக்காரங்க வீடு தேடி வந்தாங்க. கட்டணம் வேணாம், சாப்பாடு, தங்க இடம் எல்லாம் நாங்க பார்த்துக்கறோம்னு கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டாவது வருஷம் முழங்கால் போயிடுச்சு. இப்போ கட்டணத்தைக் கட்டுங்கறாங்க. வேற கல்லூரிக்குப் போறோம்னா சான்றிதழைத் தரமாட்டேங்கறாங்க. ஆடுறவரைக்கும் அவங்க புள்ளண்ணே, விழுந்ததும் எம்புள்ள!"

விழுந்ததும் எம் பிள்ளை! ஆயிரம் மேடைகளில் நாம் பேசியதைவிட ஆழமான பேச்சு அது. கோப்பை வாங்கித் தரும்போது கல்லூரியின் செல்வன். கால் ஒடிந்தபோது கொத்தனாரின் சுமை. கொண்டாட ஒருவர், கொண்டு போய்ச் சேர்க்க ஒருவர்! இது என்ன நீதி? எந்த ஊர் வழக்கு?

அந்தத் தோழரின் கேள்வி ஒரு கல்லூரியோடு முடிவதல்ல. நாட்டின் மிகப் பெரிய கல்விக்கூடங்களின் வாசலிலும் அதே கேள்விதான் நிற்கிறது: ஆட்டக்காரன் மாணவனா, அல்லது ஆடும் வரை வைத்திருந்து ஆடாதபோது எறிந்துவிடும் பண்டமா?

பள்ளிக்கரணையிலிருந்து வேளச்சேரியைத் தாண்டினால் ஒரு மதில் வரும். 1959இல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.யின் மதில். அந்த ஐ.ஐ.டி. 2024ஆம் ஆண்டுச் சேர்க்கையிலே ஒரு நல்ல காரியம் செய்தது. ஐ.ஐ.டி.களிலேயே முதன்முதலாக, விளையாட்டு வீரர்களுக்கென இளநிலைப் படிப்பு ஒவ்வொன்றிலும் 2 கூடுதல் இடங்களை ஏற்படுத்திற்று. அவற்றில் 1 பெண்களுக்கு. யாருடைய இடத்தையும் எடுத்துத் தந்ததல்ல. புதிதாகச் சேர்த்துத் தந்தது. வரவேற்கிறோம்! வாயார வாழ்த்துகிறோம்!

உடனே சில மேதாவிகள் முகம் சுளித்தார்கள். "தகுதி என்னாவது? திறமை என்னாவது?" என்றார்கள். பழைய பாட்டு! இந்தப் பாட்டை 1951க்கு முன்பிருந்தே கேட்டு வருகிறோம். வகுப்புவாரி ஆணை செல்லாது என்று நீதிமன்றம் சொன்னபோது, இந்தத் தமிழ் மண்ணிலே எழுந்த கிளர்ச்சி டில்லியை அசைத்தது. அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அந்த ஆண்டிலேயே வந்தது. அன்றும் தகுதி கெடும் என்றார்கள். கெட்டதா? மருத்துவரும் பொறியாளரும் நம் வீடுகளிலிருந்து வந்தார்கள், அவ்வளவுதான்! விடியுமுன் எழுந்து, வியர்வை சிந்தி, தேசிய அளவிலே பதக்கம் பெறுவது தகுதி இல்லை என்றால், வேறு எதுதான் தகுதி? சென்னையின் அனிதா பால்துரை இந்தியக் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கி, 2021இல் பத்மஸ்ரீ பெற்றாரே, அது திறமை அன்றோ?

ஆனால், வாழ்த்தியதோடு நாம் நிற்பதற்கில்லை. வாசல் திறந்தது சரி. வாசலுக்கு வரும் பாதை எப்படி இருக்கிறது?

அந்த இடத்துக்கு வர, அண்மை நான்கு ஆண்டுகளில் தேசிய அல்லது உலகப் போட்டியில் பதக்கம் வேண்டும். நியாயம். அத்தோடு, ஜே.இ.இ. மெயின் தேர்விலே முதல் இரண்டரை இலட்சம் பேருக்குள் வந்து, பிறகு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்விலும் தரவரிசைப் பட்டியலில் இடம் பெறவேண்டும். அதை எழுதவும் அடுத்தடுத்த ஈராண்டுகளில் இரண்டே வாய்ப்பு! படிப்பிலே ஓர் அளவு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. பாடம் புரியாமல் உள்ளே போய்ப் பையன் தவிப்பதை நாமும் விரும்பவில்லை. நாம் கேட்பது இதுதான்: காலையிலே மைதானம், பகலிலே மாநகராட்சிப் பள்ளி, மாலையிலே மீண்டும் மைதானம் என்று திரியும் பையன், பணம் கட்டிப் படிக்கும் பயிற்சி நிலையத்துக்கு எப்போது போவான்? எதைக் கொண்டு போவான்? இரண்டு மலைகளையும் ஒருசேர ஏறக்கூடியவன் எவன்? பந்துக்கும் பணம், படிப்புக்கும் பணம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது எளிது; கொத்தனார் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு மலையும் செங்குத்து!

தமிழ்நாட்டிலே பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்க்கு 500 இடங்கள் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு என்று 2020இல் மருத்துவத்திலும், 2021இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளிலும் சட்டம் வந்தது. இடம் கொடுத்தோம், எட்டிப் பிடிக்க ஏணியும் கொடுத்தோம். அந்த ஏணி ஐ.ஐ.டி. மதில்வரை நீளவேண்டும் என்பதே நம் கோரிக்கை.

சேருவதற்கு ஏணி வேண்டும். சேர்ந்த பிறகு? அங்கேதான் நம் தோழரின் மகன் நிற்கிறான். அவன் கதையைப் புரிந்துகொள்ள அமெரிக்காவை ஒரு முறை பார்த்து வருவோம்.

அங்கே கல்லூரிக் கூடைப்பந்து கோடி கோடியாய்ப் பணம் புரளும் வாணிபம். முன்பு அங்கே ஒரு விதி இருந்தது. ஒரு கல்லூரியை விட்டு இன்னொன்றுக்கு மாறும் ஆட்டக்காரன் ஓராண்டு களத்துக்கு வெளியே உட்கார வேண்டும். ஆனால், பயிற்சியாளர் அதிகச் சம்பளம் கண்டால் மறுநாளே மாறிவிடலாம்! என்னே நீதி! வழக்குகள் எழுந்தன, வாதங்கள் நடந்தன. 2021இல், ஒரு முறை மாறினால் உட்கார வேண்டியதில்லை என்றார்கள். 2024இல், படிப்பிலே தேறியிருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்றாயிற்று.

அதே அமெரிக்காவில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட எட்டுப் பல்கலைக் கழகங்கள் 'ஐவி லீக்' என்ற பெயரில் சேர்ந்து ஆடுகின்றன. ஆட்டத்துக்கென்று அங்கே உதவித்தொகை கிடையாது. குடும்பத்தின் வசதியைப் பார்த்துத்தான் உதவி. அங்கும் குறையுண்டு. பணம் தரும் கல்லூரிகளை நாடி நல்ல ஆட்டக்காரர் போய்விடுகிறார்கள். துடுப்புப் படகு, ஸ்குவாஷ் போன்ற ஆட்டங்களின் வழியே செல்வர் வீட்டுப் பிள்ளைகள் நுழைகிறார்கள் என்ற புகாரும் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், தோழர்களே! அங்கே முழங்கால் போனால் உதவி போகாது. ஏன்? அந்த உதவி முழங்காலுக்குத் தந்ததல்ல, மாணவனுக்குத் தந்தது!

அந்த ஒரு வரியைத்தான் நம் நாட்டுக் கல்லூரிகளுக்குச் சொல்கிறோம். விளையாட்டின் பேரால் ஒரு பையனைச் சேர்த்தால், படிப்பு முடியும்வரை அவன் உங்கள் மாணவன். அந்த உறுதியை எழுத்திலே தாருங்கள். காயம் பட்டால் வைத்தியம் பாருங்கள். கட்டணச் சீட்டை நீட்டாதீர்கள். அவன் போக விரும்பினால் போகவிடுங்கள்.

போகவிடுவது கருணை அல்ல, கடமை. கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பித் தரவேண்டும், பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக் கழக மானியக் குழு 2016 டிசம்பரிலேயே அறிவித்தது. மாணவர் முறையீட்டைக் கேட்கக் கல்லூரியிலே ஒரு குழு, அதற்கு மேலே பல்கலைக் கழக அளவிலே ஒரு குறைதீர்ப்பாளர் என்று 2023இல் விதி செய்தது. பள்ளிகளைப் பற்றிய வழக்கொன்றிலே, மாற்றுச் சான்றிதழ் கட்டண பாக்கி வசூலிக்கும் கருவியல்ல என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024இல் சொல்லிற்று. சட்டம் இருக்கிறது. அது ஏட்டிலே இருக்கிறது. ஏழையின் வீட்டிலே இல்லை!

அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? நாம்தான்! கிளைத் தோழர்களே, உங்கள் தெருவிலே பந்தாடும் பிள்ளை யார் என்று பாருங்கள். கல்லூரிக்காரர் வீடு தேடி வந்தால், கையெழுத்திடுமுன் தாளை வாங்கிப் படித்துச் சொல்லுங்கள். எழுத்தில் இல்லாத வாக்குறுதியை நம்பவேண்டாம் என்று சொல்லுங்கள். சான்றிதழை மறுத்தால் முறையீடு எழுதித் தாருங்கள். பதக்கம் பெற்ற அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு நுழைவுத் தேர்வுப் பயிற்சியை அரசே இலவசமாகத் தரவேண்டும் என்று தீர்மானம் போட்டு அனுப்புங்கள்.

அன்று மாலை, அந்தப் பையனிடம், "என்ன படிக்கிறாய், தம்பி?" என்று கேட்டோம். சற்றே திகைத்தான். உயரத்தைக் கேட்டவர் உண்டு, ஆட்டத்தைக் கேட்டவர் உண்டு. இதை யாரும் கேட்டதில்லை போலும். "வணிகவியல் அண்ணே. முடிக்கணும்" என்றான்.

மறுநாளே முறையீட்டை எழுதிக் கொடுத்தோம். அவன் முடிக்கவேண்டும்! ஆடினாலும் அவன் நம் பிள்ளை, விழுந்தாலும் நம் பிள்ளை!