பூனையோடு ஊட்டிக்குப் போறீங்களா? கிளம்பும் முன் இதைப் படிங்க!

2018 டிசம்பர். ஸ்காட்லாந்தின் டன்பார் ஊரைச் சேர்ந்த டீன் நிக்கல்சன், சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பி சில மாதங்கள் ஆகியிருந்தன. போஸ்னியாவிலிருந்து மாண்டினீக்ரோ எல்லையை நோக்கி, மலைப்பாதையில் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருந்தார். பின்னால் 'மியாவ்' என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால், ஒரு குட்டிப் பூனை அவரைத் துரத்திக்கொண்டு ஓடி வருகிறது!

விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் அள்ளிக்கொண்டார். 'நாலா' என்று பெயர் வைத்தார். கால்நடை மருத்துவரிடம் காட்டி, தடுப்பூசி போட்டு, மைக்ரோசிப் வைத்து, பாஸ்போர்ட்டும் வாங்கினார். அல்பேனியா, கிரீஸ், துருக்கி, ஜார்ஜியா என இருவரும் சுற்றிய வீடியோக்கள் உலகம் முழுக்க வைரலாகின. 2020-ல் 'நாலாஸ் வேர்ல்டு' என்ற புத்தகமும் வந்தது.

இப்படியான வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "லீவுக்கு நம்ம பூனையையும் ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போலாமா?" என்று பிள்ளைகள் கேட்பது சகஜம். கோவை வீடுகளில் அம்மிச்சி இருந்தால் பதில் கேள்வி ஒன்றும் வரும். "ஏங்கண்ணு, அதுக்கு எதுக்கு ஊட்டி?"

யோசிக்க வேண்டிய கேள்விதான். நாய்க்கு எஜமானர் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் போதும். பூனைக்குத் தன் இடமும், அந்த இடத்தின் வாசனையும் வேண்டும். இன்னொரு விஷயம், நாலா ரோட்டுக்கு வந்தபோது அதற்கு ஏழு வாரம்தான் இருக்கும். பூனைக்குட்டிகள் புதிய மனிதர்களையும் சத்தங்களையும் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பருவம் அது. சாய்பாபா காலனி வீட்டைத் தாண்டியே பார்த்திராத ஐந்து வயதுப் பூனை அப்படியில்லை.

அடுத்தது வளைவுகள். மேட்டுப்பாளையம் - குன்னூர் ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40. வண்டி திரும்புவதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணர்கிறது. ஆனால், கூடைக்குள் இருக்கும் பூனையின் கண்ணுக்கு எதுவும் நகரவில்லை. இந்தக் குழப்பத்தில்தான் குமட்டல் வருகிறது. எச்சில் வடிவதும் விடாமல் கத்துவதும் அதன் அறிகுறிகள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே வண்டியை ஓரம்கட்டி, கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

கூட்டிப்போவது என்று முடிவெடுத்தால், இரண்டு வாரம் முன்பே பெட் கேரியரை வீட்டில் திறந்து வையுங்கள். உள்ளே பூனை படுக்கும் பழைய துணியைப் போடுங்கள். அதுவாகவே போய்ப் படுக்கத் தொடங்கியதும் தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு, பிறகு மேட்டுப்பாளையம் வரை ஒரு நாள் எனப் பழக்குங்கள். கிளம்புவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடலாம். தண்ணீரை நிறுத்தக் கூடாது. காருக்குள் அவிழ்த்துவிடவே வேண்டாம். பிரேக்குக்கு அடியில் புகுந்தால் எல்லோருக்கும் ஆபத்து.

எல்லாவற்றையும்விட ஆபத்தான நேரம், டீ குடிக்க வண்டியை நிறுத்திக் கதவைத் திறக்கும் அந்த ஒரு நொடி. பயந்த பூனை ஒரே தாவலில் புதருக்குள் போய்விடும். வளர்த்தவர் கூப்பிட்டாலும் சத்தமே இல்லாமல் பதுங்கியிருக்கும். அது சிறுத்தை நடமாடும் காடு. ஆபத்து இன்னொரு பக்கமும் உண்டு. தடுப்பூசி போடாத வீட்டுப் பூனையிடமிருந்து பேன்லூகோபீனியா போன்ற வைரஸ் நோய்கள் காட்டுப் பூனை இனங்களுக்கும் பரவலாம். ஆகவே தடுப்பூசி, மைக்ரோசிப், போன் நம்பர் எழுதிய பட்டை, மார்போடு மாட்டும் ஹார்னஸ் எல்லாம் கட்டாயம். டீ குடிக்கும்போது ஒருவர் வண்டியிலேயே பூனையோடு இருக்கட்டும். பூட்டிய கார் வெயிலில் சில நிமிடங்களிலேயே அடுப்பாகிவிடும்.

2024 மே 7 முதல் நீலகிரிக்குப் போக இ-பாஸ் வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கும் அங்கே தடை. பூனைக்குத் தண்ணீர் வைக்க ஸ்டீல் கிண்ணமும், கழிவைச் சுருட்ட பழைய பேப்பரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாலா போனது சைக்கிள் வேகத்தில். சனிக்கிழமை ஏறி ஞாயிற்றுக்கிழமை இறங்கும் பயணத்தில், புது அறை பழகுவதற்குள் பூனை மறுபடியும் கூடைக்குள் போக வேண்டியிருக்கும். மேட்டுப்பாளையம் ஒத்திகையிலேயே அது நடுங்கினால், ஆசையை விட்டுவிடுவதுதான் நல்லது. பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, இரண்டு வேளை சாப்பாடு வைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பூனை அதற்காகக் கோபித்துக்கொள்ளாது. திரும்பி வரும்போது ஜன்னல் ஓரத்தில், தன் பழைய துணியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும்.