அதற்குப் பதில் இது

நம் ஜனங்களுக்கு "அதற்குப் பதில் இது" என்ற மந்திரத்தில் அபார நம்பிக்கை. பாதாம் இல்லையா, நிலக்கடலையை அரைத்து விடு. நெய் இல்லையா, டால்டா இருக்கிறது. இந்தச் சாமர்த்தியம் சமையலறையோடு நின்றிருந்தால் எனக்கு ஆட்சேபமே இல்லை. வயலுக்குள்ளும் வந்துவிட்டதே என்பதுதான் என் சண்டை.

வீரசோழன் பக்கத்தில் ஓர் உரக்கடை. பெயர் வேண்டாம். "அண்ணாச்சி, ஜிங்க் சல்பேட் இருக்கா?" என்று கேட்டார் ஒரு சம்சாரி. "அது வரலை. இந்த டானிக்கை அடிங்க, எல்லாத்துக்கும் கேக்கும்" என்றார் கடைக்காரர். யூரியா மூட்டையோடு அந்தப் பாட்டிலும் பில்லில் ஏறிவிட்டது. வேண்டாமென்றால் யூரியாவும் இல்லையாம்!

கரிசலில் சுண்ணாம்புக் கலப்பு சாதாரணம். அப்படிப்பட்ட காரமண்ணில் துத்தநாகமும் இரும்பும் கரையாமல் கட்டுண்டு கிடக்கும். பெட்டி நிறையப் பணம், சாவியைக் காணோம் என்கிற கதைதான். போதாததற்கு டி.ஏ.பி.யை அள்ளிக் கொட்டுகிறோம். மணிச்சத்து மிதமிஞ்சினால் பயிருக்குக் கிடைக்கிற கொஞ்சம் துத்தநாகத்துக்கும் அது தடை போடும். சோளத்தின் இளங்குருத்து நரம்புக்கு நரம்பு வெளுத்தால் இரும்புப் பசி. நெல்லின் அடித்தாளில் துருப்பிடித்தாற்போல் புள்ளி விழுந்தால் பெரும்பாலும் துத்தநாகப் பசி.

பசி என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். இமயத்தின் அடிவாரத்தில், பந்த்நகர் வட்டாரத்து நெல் இப்படித்தான் பழுத்துக் கருகியது. 'கைரா' நோய் என்று அதற்குப் பெயர். 1966-ல் ஒய். எல். நேனே, இது கிருமியின் வேலையல்ல, துத்தநாகக் குறைவு என்று காட்டினார். அவரோ பயிர்நோய் நிபுணர்! தம் இலாகாவுக்குச் சம்பந்தமில்லாத வியாதி என்று சொல்ல ஒரு மனிதருக்கு எவ்வளவு நேர்மை வேண்டும்! பாட்டில் விற்கிறவர்களிடம் அதில் ஒரு துளியாவது இருக்கிறதா?

பதிலாள் என்பதே கிடையாதா என்றால், உண்டு. பொட்டாசியம் குறைந்த இடத்தில் பருத்திக்கும் பீட்ரூட்டுக்கும் சோடியம் கொஞ்சம் கைகொடுக்கும். செடிக்குள் நீரைப் பிடித்து வைக்கும் வேலையில் ஒரு பங்கை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் ராஜபார்ட் வராத இரவில் வேஷம் கட்டுகிற துணை நடிகன் மாதிரிதான். உடை பொருந்தும், பாட்டு வராது. நொதிகளை முடுக்கப் பொட்டாசியமே வேண்டும். சோடியம் மிகுந்தாலோ களிமண் இறுகி நீர் இறங்காது. துத்தநாகத்துக்கு அந்தத் துணை நடிகன்கூட இல்லை. ஓர் இடத்தை வேறொன்று நிரப்ப முடியாதென்றால்தான் அது இன்றியமையாத சத்து என்று ஆர்னனும் ஸ்டவுட்டும் 1939-லேயே இலக்கணம் வகுத்துவிட்டார்கள்.

சர்க்கார் என்ன செய்தது? 2015-ல் மண்வள அட்டை கொடுத்தது. 12 விவரங்கள், துத்தநாகமும் அதில் உண்டு. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் 2010-ல் வந்த சத்துவாரி மானியத்தில் யூரியாவைச் சேர்க்காமல், அதைத் தனியே மலிவாக வைத்தார்கள். மலிவானதைத்தானே ஏழை அள்ளுவான்? குறைச்சல் என்று அட்டையில் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, சரக்கைக் கடைக்காரர் தயவுக்கு விடுவது வைத்தியமா? ஏக்கருக்குப் பத்துக் கிலோ துத்தநாக சல்பேட்டு, கேட்பது அவ்வளவுதான். புரட்டாசி விதைப்புக்கு முன்பே அது கூட்டுறவுச் சங்கத்தில் அடுக்கப்பட்டிருக்க வேண்டும். யூரியாவோடு பாட்டிலைக் கட்டி விற்கிற கடையின் லைசென்ஸைப் பிடுங்க வேண்டும்.