‘இந்தாம்மா ஏய்’: ஒரு விளியும் அதன் இரசிகர்களும்

திரைப்பட இரசிகரை ஆராய்ந்தால் அது சமூகவியல். தொலைக்காட்சித் தொடரின் இரசிகரை ஆராய்ந்தால் அது வெட்டிவேலை. நம் ஆய்வுலகின் எழுதப்படாத இந்த விதியை அண்மையில் ஒரு கருத்தரங்கில் என் காதுபடவே சொன்னார்கள். ‘எதிர்நீச்சல்’ தொடரின் ஆதி குணசேகரன் பேசும் தமிழைப் பற்றிக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பியிருந்தேன். “சீரியல் பைத்தியங்களைப் பற்றியும் ஆய்வா?” என்று ஒரு மூத்த பேராசிரியர் கேட்டார், அவை சிரித்தது. அன்று அங்கே சொல்ல நேரம் தரப்படாத விடையை இங்கே எழுதுகிறேன்.

எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பத்தை ஆராய்ந்து எம்.எஸ்.எஸ். பாண்டியன் எழுதிய ஆங்கில நூல் 1992இல் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் ‘ஸ்டார் டிரெக்’ போன்ற தொடர்களின் இரசிகர்களைப் பற்றி ஹென்றி ஜென்கின்ஸ் எழுதிய நூலும் வந்தது. அந்த இரசிகர்களை ஏமாளிகளாகக் காணாமல், கதையைத் தம் தேவைக்கேற்ப எடுத்தாளும் வாசகர்களாக அவர் கண்டார். அந்தத் தொடரை ஒட்டிய திரைப்படங்களுக்காக மார்க் ஓக்ராண்ட் என்னும் மொழியியலாளர் உருவாக்கிய கிளிங்கன் மொழிக்கு 1985இலேயே அகராதி வந்துவிட்டது. மொழியியல் வகுப்பில் கிளிங்கனை எடுத்துக்காட்டாகச் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை. வேற்றுக்கோளில் வாழும் கற்பனை வீரர்களின் மொழிக்குக் கிடைக்கும் மரியாதை, மதுரைப் பக்கத்து வீட்டுத் தலைவன் ஒருவனின் பேச்சுக்குக் கிடைப்பதில்லை.

காரணம் எளிது. திரைப்பட இரசிகருக்கு மன்றம் உண்டு, கொடி உண்டு, கட்அவுட் உண்டு, பாலாபிஷேகம் உண்டு, தேர்தலும் உண்டு. தொடரின் இரசிகர் பெரும்பாலும் பெண். அவரது ஈடுபாடு வீட்டின் நான்கு சுவர்களுக்குள், காய் நறுக்கியபடியே நிகழ்வது. ஆகவே முன்னது வெறியானாலும் அரசியல் எனப்படுகிறது. பின்னது இரசனையானாலும் பைத்தியம் எனப்படுகிறது. தூர்தர்ஷன் பார்த்த டெல்லிப் பெண்களிடம் பேசிப் பூர்ணிமா மங்கேக்கர் நூல் வெளியிட்டது 1999இல். தமிழ்த் தொடர்களின் பார்வையாளர்களிடம் அத்தனை பொறுமையோடு உட்கார்ந்து கேட்டவர்கள் மிகச் சிலரே.

‘எதிர்நீச்சல்’ 2022 பிப்ரவரியில் சன் தொலைக்காட்சியில் தொடங்கியது. இயக்கியவர் திருச்செல்வம். இவரே முன்பு ‘கோலங்கள்’ தொடரை இயக்கி, அதில் தொல்காப்பியன் என்ற பாத்திரத்திலும் நடித்தவர். அந்தப் பெயர் வீடுகளில் ‘தொல்ஸ்’ என்று சுருங்கியதை எந்த இலக்கண ஆசிரியர் மன்னிப்பாரோ தெரியாது! குணசேகரனாக நடித்தவர் தேனி மாவட்டத்துக்காரரான இயக்குநர் மாரிமுத்து. படித்த மருமகள்களை வீட்டுக்குள் பூட்டிவைக்கும் அந்த அண்ணனை இலட்சக்கணக்கானோர் வெறுத்தார்கள். வெறுத்துக்கொண்டே அவன் பேசுவதற்காகக் காத்திருந்தார்கள். ‘இந்தாம்மா ஏய்’ என்ற அவன் விளி மீம்களாகிச் சமூக ஊடகமெங்கும் பரவியது.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் விளிமரபுக்கென்றே தனி இயல் உண்டு. ஒருவரை எப்படி அழைக்கிறோம் என்பதில் உறவும் படிநிலையும் இருக்கின்றன என்பது நமக்குப் புதிய செய்தியன்று. குணசேகரனின் மூன்று சொற்களைப் பாருங்கள். ‘இந்தா’ கவனத்தைத் திருப்புகிறது. பெயரைச் சொல்லாமலே அழைக்க உதவுகிறது. ‘அம்மா’ மதிப்பைத் தருகிறது. ‘ஏய்’ தந்த மதிப்பை அதே மூச்சில் பிடுங்கிக்கொள்கிறது. ஒரு வீட்டின் அதிகார அமைப்பு முழுவதும் ஒற்றை விளியில் அடங்கிவிடுகிறது. இதை எந்தப் பயிற்சியுமின்றி உடனே கண்டுகொண்டவர்கள் இரசிகர்கள்தாம். அவர்கள் அதைப் போலி செய்தபோது சொற்களை மட்டும் எடுக்கவில்லை. ‘ஏய்’க்கு முன் வரும் அந்தச் சிறு இடைவெளியையும் சேர்த்தே எடுத்தார்கள்.

அந்தமானில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேரின் தாய்மொழி தமிழ். ஆனால் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரின் கடைத்தெருவில், வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் தமிழரும் தமக்குள் பேசிக்கொள்வது இந்தியில். பாட்டி தமிழில் கேட்கப் பேரன் இந்தியில் விடை சொல்லும் வீடுகள் இங்கு ஏராளம். அந்தப் பேரனுக்குக் கிடைக்கும் பள்ளித் தமிழில் யாரும் யாரையும் அதட்டுவதில்லை, கெஞ்சுவதில்லை, குத்திக்காட்டுவதில்லை. கோபப்படும் தமிழை, சொத்துக்குச் சண்டையிடும் தமிழை, மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் அளந்து பேசும் தமிழை அவன் கேட்பது பெரும்பாலும் இரவுத் தொடர்களில்தான். இந்தியின் தூ, தும், ஆப் என்ற மூன்று படிகளை அவன் தெருவில் கற்றான். ‘வா’வுக்கும் ‘வாங்க’வுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து குணசேகரனிடம் கற்றான்.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்டில் இங்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன்பும் டிஷ் வழியே தொடர்கள் வந்தன. ஆனால் அவற்றைச் சுற்றி நடக்கும் பேச்சு வரவில்லை. இப்போது துண்டுக் காணொளியும் மீமும் மதுரைக்கும் மாயாபந்தருக்கும் ஒரே நேரத்தில் வருகின்றன. ‘மர்மதேசம்’ வரிசையின் ‘விடாது கருப்பு’ 1990களின் தொடர். அதைப் பிறந்திராத இளைஞர்களும் இன்று யூடியூபில் தேடிப் பார்த்து, நாகாவின் இயக்கத்தையும் இந்திரா சௌந்தர்ராஜனின் கதையையும் வாதிடுகிறார்கள்.

2023 செப்டம்பர் 8 அன்று, அத்தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது உடல்நலம் குன்றி மாரிமுத்து காலமானார். அன்று என் உறவுப் பெண்கள் பேசிக்கொண்டதை மறக்க இயலாது. முந்தைய நாள் வரை “இவன் நாசமாய்ப் போக” என்று திட்டியவர்கள், “பாவம், நல்ல மனுஷன்” என்று அழுதார்கள். பாத்திரம் வேறு, நடிகர் வேறு என்று அறியாத பைத்தியங்களா இவர்கள்? இரண்டையும் தனித்தனியே வைத்து, ஒன்றை வெறுக்கவும் மற்றொன்றுக்கு அழவும் தெரிந்தவர்கள். பின்னர் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அப்பாத்திரத்தை ஏற்றார். தேர்ந்த கலைஞர், ‘குற்றப் பரம்பரை’ எழுதியவர். ஆயினும் “ஆள் சரி, ‘ஏய்’ சரியில்லை” என்றார் என் பெரியம்மா. ஒலியியலில் பட்டம் பெற்ற பலர் இவ்வளவு கூர்மையாகச் சொல்லிக் கேட்டதில்லை.

எதிர்வாதமும் இருக்கிறது, அது வலுவானதே. ஆணாதிக்கத்தை நகைச்சுவையாக்கி அந்த விளி பழக்கப்படுத்திவிட்டது என்கிறார்கள் பெண்ணியத் தோழிகள். கேலி என்ற போர்வையில் மனைவியை அப்படி அழைத்து மகிழ்ந்த ஆண்களை நானும் பார்த்திருக்கிறேன். மருமகள்களின் விடுதலை விளம்பர இடைவேளைகளுக்காக மாதக்கணக்கில் தள்ளிப்போனதும் உண்மை. ஆனால் எங்கள் வீடுகளில் அந்தச் சொற்களை அதிகம் ஆண்டவர்கள் பெண்கள். அதிகாரமாகப் பேசத் தொடங்கும் கணவனையும் மகனையும் நோக்கி, அவன் வாய் திறக்குமுன் “இந்தாம்மா ஏய்” என்று சொல்லி அவனைச் சிரிப்புக்கிடமாக்கிவிடுவார்கள். இவ்விரு வழக்குகளில் எது எங்கே மேலோங்குகிறது என்பதைக் கருத்தரங்க மேடையில் அமர்ந்து தீர்மானிக்க முடியாது. வீடுகளில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அதற்காகத் தொடர் ஓடும் நேரத்தில் நடக்கும் பேச்சை, வீட்டாரின் இசைவோடு, பதிவுசெய்யத் தொடங்கியிருக்கிறேன். போர்ட் பிளேரில் சில வீடுகள் முடிந்தன. அடுத்து, இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள் குடியமர்த்தப்பட்ட கச்சால் தீவுக்குச் செல்ல எண்ணம். மதுரைப் பேச்சை அவர்கள் எந்தக் காதால் கேட்கிறார்கள் என்பது என் அடுத்த கேள்வி. அங்கு உறவினர் உள்ள நண்பர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள்.